யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என்னைப் போர்மேன் ஆக்கியிருக்கிறார்கள். சிரிக்காதே.

கம்பெனியின் இன்னொரு யார்டு இது. கான்கிரீட் சுவர்களைப் படுக்கையாக வார்த்து, இறுகியதும் கிரேனால் தூக்கி லாரியில் ஏற்றுகிறோம். ஆறு மாதம் பார்ப்பார்களாம். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் பழைய யார்டுக்குத் திரும்பி, முன்பு போலக் கொக்கி மாட்டலாம். எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கிரேன் ஓட்டுகிறவர் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரை எல்லோரும் "மேலிடம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சத்தத்தில் அவருக்குக் குரல் கேட்காது. கீழே போர்மேன் காட்டும் கைதான் பேச்சு. ஏற்று, இறக்கு, திருப்பு, நில்.

இங்கே ஒரு பழக்கம். சுவர் காற்றில் இருக்கும்போது போர்மேனைத் தவிர எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வேறு கை அசைந்தால் மேலிடம் குழம்பிவிடுவார் என்று பழைய போர்மேன் போட்ட சட்டம். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். சட்டம் பெறவில்லை.

முதல் சுவரை ஏற்றச் சொல்லிக் கையை உயர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். கைகள் பின்னால். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி.

கூச்சமாக இருந்தது. ஒரு நொடி பிடித்தும் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

நீ ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையையே கட்டி மேய்க்கிறாய். சொல். தலைமை என்றால் என்ன செய்வது?

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
வாலு


பிப்ரவரி 19

என் அருமை வாலுவுக்கு,

இங்கே உன் அண்ணிக்கும் எனக்கும் ஒரு குறைவும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. போர்மேனுக்கும் வயிறு உண்டு.

போனில் பேசலாம் என்கிறாள் உன் அண்ணி. வேண்டாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த வசதி எனக்குப் பிடித்திருக்கிறது.

தலைமை என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாய். நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். அடுப்புகள் எல்லாம் எரிகின்றன. தட்டுகள் வெளியே பறக்கின்றன. என் சமையலறையில் ஒரே ஒரு வாய், அது என்னுடையது. மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தைதான்: "சரி, செஃப்." மூன்றாவது வார்த்தை பேசினவன் அன்றைக்கு வெங்காயம் உரிப்பான்.

கொடுமை என்று நினைக்காதே. நிம்மதி. யோசிக்கிற பாரத்தை நான் அவர்களிடமிருந்து எடுத்துவிடுகிறேன். பத்து பேர் யோசித்தால் பத்து தாமதம்.

உன் பழைய போர்மேன் விவரமான ஆள். அவர் கட்டின கையை நீ அவிழ்க்காதே. பேசாமல் ஆறு மாதத்தை ஓட்டு. நிரந்தரம் ஆனபிறகு புரட்சி செய்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குறுக்கே பேசவில்லை.

அவிழ்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, மேலிடம் கூண்டுக்கு ஏறும் முன், எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். ஏற்று, இறக்கு, திருப்பு எல்லாம் போர்மேன் கைதான். ஆனால் "நில்" மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். இரண்டு கையையும் விரித்துத் தூக்கினால் கிரேன் நிற்கும். காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் மேலிடம்தான் பேசினார்.

"ஏம்மா, எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. ஒரு ஆளைப் பாக்கறதுக்கே போதல. எல்லாரையும் எப்படிப் பாக்கறது?"

"எல்லாரையும் பாக்க வேணாம். யாரு கை மேல போனாலும் நிறுத்துங்க. அவ்வளவுதான்."

"தப்பாத் தூக்கினா?"

"தப்பாத் தூக்கினாலும் நிறுத்துங்க."

"சரிம்மா. மேலிடத்துக்கு ஆட்சேபணை இல்ல. லாரிக்காரன் கத்தினா உன்னைக் கை காட்டுவேன்."

பல நாட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பழைய வரிசை. கைகள் முதுகுக்குப் பின்னால். ஒரு மதியம், சுவர் பாதி உயரத்தில் இருந்தபோது, ஜவ்வு இரண்டு கையையும் தூக்கினார். ஜவ்வு என்பது சங்கிலி கட்டுகிறவர். எதையும் இழுத்து இழுத்துச் செய்வதால் அந்தப் பெயர். கிரேன் நின்றது. சுவர் ஆடி அடங்கியது.

ஓடிப்போய் "என்ன பாத்தீங்க?" என்றேன்.

"ஒண்ணும் பாக்கல மேடம். குளவி. மூஞ்சிக்கு நேரா வந்துச்சு."

யார்டே சிரித்தது. மேலிடம் கூண்டுக்குள் குலுங்குவது கீழிருந்தே தெரிந்தது. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து நான் சொல்லப் போகும் வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

"நன்றி" என்றேன். வாயிலிருந்து வந்தது. வயிற்றிலிருந்து வரவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

வாலு


ஏப்ரல் 2

என் அருமை வாலுவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருக்கிறவள் குளவிக்கு நன்றி சொல்ல மாட்டாள்.

உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு "அவ செஞ்சது சரி" என்றாள். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

நன்றாகக் கேள். ஆட்கள் உன்னிடம் உறுதியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஜனநாயகத்தை இல்லை. அவன் கையைத் தூக்கியதும் நீ ஓடிப்போய் நின்றாய் அல்லவா, அந்த ஓட்டத்தில் உன் மரியாதை பாதி போய்விட்டது. என் ஆட்கள் என்னைப் பார்த்து நடுங்குகிறார்கள். அதனால்தான் ஒரு தட்டுகூடத் திரும்பி வருவதில்லை.

உனக்கு நல்லது வேண்டும் என்பதால் கடுமையாக எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பதில் எழுது.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் துண்டு துண்டாக வருகிறது.

கைகள் இப்போது நிறையத் தூக்கப்படுகின்றன. லாரி கொஞ்சம் சாய்ந்து நிற்கிறதோ என்று. சங்கிலி முறுக்கியிருக்கிறதோ என்று. காற்று அடிக்கிறது என்று. முக்கால்வாசி ஒன்றுமில்லை. மீதியைச் சரிசெய்தோம், சரிசெய்யாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றே தோன்றுகிறது. லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டுகின்றன.

மேனேஜரின் அறை மாடியில். ஜன்னல் யார்டைப் பார்த்தபடி. நேற்றுக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. டீ கொடுத்தார். அவருக்கும் மேலே ஜன்னல்கள் இருக்கின்றன.

"மேடம், உங்க ஆளுங்க உங்க தலையில ஏறி உக்காந்துட்டாங்க."

"கையைத்தான் சார் தூக்கறாங்க."

"எனக்கு ஒரே ஒரு உதாரணம் வேணும். இந்த ரூலால ஒரு உயிர் தப்பிச்சுது, ஒரு விரல் தப்பிச்சுது, ஏதாவது. ஜூலைல உங்க ரிப்போர்ட் மேல போகுது. அதுக்குள்ள ஒண்ணு காட்டுங்க. இல்லன்னா பழையபடி கையைக் கட்டச் சொல்லுங்க. நிரந்தரம் ஆர்டர் அன்னிக்கே கையெழுத்து."

படி இறங்கும்போது ஒரு விஷயம் கவனித்தேன். ஏதாவது விழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு மூலை உடைந்தால் போதும். ஒரு சங்கிலி அறுந்தால் போதும்.

அந்த ஆசையோடு கீழே போய் நின்று, ஏற்று என்று கையைக் காட்டினேன்.

என்ன செய்யட்டும்? திட்டியாவது எழுது.

வாலு


ஜூன் 4

அண்ணா,

பதில் இல்லை. போன் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஹோட்டலுக்குப் போட்டேன். "செஃப் லீவ்" என்றான் ஒருவன். நீ லீவ் போடுகிற ஆளா?

இங்கே நிலைமை அப்படியே. நான் இன்னும் கையைக் கட்டச் சொல்லவில்லை.

என்மேல் கோபம் என்றால் அதையாவது எழுது. இரண்டு வரி போதும்.

வாலு


ஜூன் 15

என் அருமை வாலுவுக்கு,

நான் நலம். சளி. சீசன் வேலை. அதனால் எழுத நேரமில்லை. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, அவள் படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. உன் மேனேஜர் சொல்வதைக் கேள். நிரந்தரம் ஆர்டரை வாங்கு. வேறு செய்தி இல்லை.

அன்புடன்,
அண்ணன்

—அவர் குளிக்கப் போயிருக்கிறார். தனியாகக் குளிக்க இப்போது அவருக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் எழுதிவிடுகிறேன், கண்ணு.

சளி இல்லை. வலது கை வெந்துவிட்டது. பெரிய இரும்புச் சட்டி ஒன்றை ஓவனிலிருந்து எடுத்து அடுப்புமேல் வைத்திருக்கிறார்கள். சட்டி நிறையக் கொதிக்கும் நெய். பிடியும் நெருப்பு. பார்க்க அது சாதாரணமாகத்தான் இருக்குமாம். இவர் யாரையோ கத்திக்கொண்டே வெறுங்கையால் பிடித்துத் தூக்கியிருக்கிறார். வலியில் சட்டி சாய்ந்து நெய் முழுக்கக் கைமேல். தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். விரல்கள் மடங்கவில்லை. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டில் போன் எடுக்க யார் இருந்தார்கள்?

ஆஸ்பத்திரிக்கு அவருடைய ஆட்கள் வந்தார்கள். சட்டியை அங்கே வைத்தவனும் வந்தான். அழுதுகொண்டே சொன்னான்: "செஃப் கை அதுகிட்ட போறதைப் பாத்தேங்க. நாங்க எல்லாருமே பாத்தோம். சொல்லலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள... அவர் பேசிட்டு இருந்தாரே."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேச்சே இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். அவசரப்பட்டு வேலைக்குப் போகாதே.

என் கூட்டம் முடிந்தது. மேனேஜர், அவருக்கு மேலே இருந்து வந்த இரண்டு பேர், நான். மேஜைமேல் பூச்சாடி. பூ பிளாஸ்டிக்.

"உதாரணம் இருக்கா மேடம்?"

"யார்டில இல்ல சார்."

"வேற எங்கயாவது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அவர்கள் மூன்று பேரும் வாயடைத்துப்போகிற பதில். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை.

"தப்பிச்சது கண்ணுக்குத் தெரியாது சார். நடந்தாத்தான் தெரியும். நடந்தப்புறம் எதுக்கு ரூலு?"

வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் பேனாவை மூடினார். "கடைசியாக் கேக்கறேன். நாளைக்குக் காலைல கையைக் கட்டச் சொல்வீங்களா?"

"மாட்டேன் சார்."

"அப்ப உங்களைத் திருப்பி அனுப்பறதைத் தவிர எனக்கு வழியில்ல."

"சரி சார்."

எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினேன்.

கீழே போய் ஆட்களிடம் சொன்னேன். ஜவ்வு கேட்டார், "எங்களாலதானே மேடம்? அந்தக் குளவி..."

"குளவிக்கும் கையைத் தூக்கலாம். அதுல மாத்தமில்ல."

திங்கட்கிழமை பழைய யார்டு. கொக்கி.

வாலு


ஆகஸ்ட் 9

வாலு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் அண்ணி சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அவசரப்பட்டு வேலைக்குப் போகாதே என்று எழுதியிருந்தாயே. வெறும் சளிக்கு எழுதுகிற வார்த்தையா அது? அவளிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டாள். சண்டை போட்டேன். தோற்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேராகப் பதில் எழுது. என் கையைப் பற்றி அந்த அறையில் நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நிரந்தரம் ஆகியிருக்கும். என் கை வெந்தது வெந்ததுதான். உனக்காவது பயன்பட்டிருக்கும்.

முட்டாள்.

அண்ணன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோணல் எழுத்து நன்றாகவே இருக்கிறது. நேரான எழுத்தில் நீ இப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

பதில். உன் கையை அந்த மேஜைமேல் வைத்து எனக்கு வேலை கேட்க மனம் வரவில்லை. இது ஒன்று. இன்னொன்று, உன்னைச் சொன்னால் அவர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள். அப்போது யாராவது வெந்தால்தான் மற்றவர் கையைத் தூக்கலாம் என்று ஆகிவிடும். ஜவ்வு குளவியோடு நின்றாரே, அவருக்கு அதில் இடமில்லை. நான் கேட்டது அவருக்காக.

வருத்தமில்லை என்று எழுதினால் பொய். கொக்கி மாட்டும்போது புதுப் பையன்களைப் போல என்னையும் பெயர் சொல்லி விரட்டுகிறார்கள். கையுறைக்குள் வியர்வை. மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன்.

ஆனால் நேற்று மேலிடம் போன் செய்தார்.

புது போர்மேன் வந்திருக்கிறாராம். வந்த அன்றே எல்லோர் கையும் பின்னால். சுவர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஜவ்வு கையை அவிழ்த்துத் தூக்கியிருக்கிறார். மேலிடம் நிறுத்திவிட்டார். புது போர்மேன் கீழே நின்று கோபத்தில் குதிக்க, இவர் கூண்டின் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாராம்.

"'யாரைக் கேட்டு நிறுத்தினே'ன்னு கத்தறான்மா. 'யாரையும் கேட்டு நிறுத்தறதில்ல, பாத்தா நிறுத்துவேன், நீ தூக்கினாலும் நிறுத்துவேன்'னேன். நேரா மாடிப் படி ஏறிப் போயிட்டான்."

"ஜவ்வு எதைப் பாத்தாராம்?"

"ஒண்ணுமில்ல. சங்கிலில ஏதோ மின்னுச்சாம். வெயிலு."

புகார் மாடிக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்தக் கிரேனை ஓட்ட வேறு ஆள் கிடையாது. புகார் மாடியிலேயே இருக்கிறதாம்.

நான் போனை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். இந்த யார்டிலும் ஒரு கிரேன் இருக்கிறது. இங்கேயும் போர்மேனைத் தவிர யாரும் கையைத் தூக்குவதில்லை. நாளைக் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன் அவரிடம் பேசப் போகிறேன். கேட்காவிட்டால் மறுநாளும்.

உன் விரல்களுக்குத் தினமும் பயிற்சி கொடு. அண்ணியைத் திட்டாதே.

வாலு


அக்டோபர் 2

என் அருமை வாலுவுக்கு,

விரல்கள் பாதி மடங்குகின்றன. உன் அண்ணி நலம். என்னைவிட நன்றாகவே இருக்கிறாள்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். சட்டி தூக்க முடியாது. தட்டுகள் வெளியே போகும் மேடைக்குப் பக்கத்தில் நின்று சுவை பார்க்கிறேன், சத்தம் போடுகிறேன். முதல் நாள் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன்: "இனிமே நான் தப்புப் பண்ணினா யாரா இருந்தாலும் சொல்லணும்." எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "சரி, செஃப்."

எனக்கே சிரிப்பு வந்தது. அவர்கள் தங்கள் சிரிப்பைக்கூட அடக்கிக்கொண்டுதான் நின்றார்கள்.

தினமும் கேட்டேன். சூப் எப்படி? நல்லா இருக்கு செஃப். ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் கொடுத்தேன். ஒவ்வொருத்தனாக ருசித்தான். நல்லா இருக்கு செஃப். வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டேன். இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது என் எதிரொலியை மட்டும்தான்.

மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும்.

போன வாரம், சட்டியை அங்கே வைத்தானே, அவன். கூட்டம் முட்டுகிற நேரம். கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னான்: "உப்பு கொஞ்சம் கூட, செஃப்."

சமையலறை அப்படியே நின்றது. நான் ருசித்தேன். உப்பு மிகச் சரியாக இருந்தது. என் நாக்கின்மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. திட்டு ஒன்று தொண்டைவரை வந்தது, நல்ல பழுத்த திட்டு. அவன் முகம் வெளுத்திருந்தது.

"நன்றி" என்றேன். "நான் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. நாளைக்கும் சொல்லு."

அடுத்த அரைமணியில் ஒருத்தி வந்து தட்டு அழுக்கு என்றாள். அழுக்கில்லை. ஒருவன் அந்தப் பிடி சூடு என்று கத்தினான். சூடில்லை. பாத்திரம் கழுவுகிற அக்கா, நான் வழியில் நிற்கிறேன், நகரச் சொன்னாள். அது மட்டும் உண்மை. நகர்ந்தேன்.

சாப்பாடு தாமதமாகிறது. வெளியே முணுமுணுக்கிறார்கள். முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

பார்க்கட்டும்.

உன் போர்மேன் என்ன சொன்னார் என்று எழுது.

அண்ணன்